ஒரு பக்கம் மட்டும் திரும்பும் வளையம்

அந்தக் கடிகாரத்தை வீட்டில் முதலில் எடை பார்த்தவள் அண்ணிதான். அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு உள்ளங்கையில் உடைக்கப்போகிற முட்டையையும் மறு உள்ளங்கையில் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, தராசு மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

“முட்டையத் தூக்கி அடிச்சிடுச்சு,” என்றாள். “இதக் கட்டிக்கிட்டு இறங்கினா உங்களுக்கு இடுப்புல ஈயக்கட்டியே வேண்டாம். நேரா அடிக்குப் போயிடலாம்.”

பெரியவன் சிரித்தான். முந்தின நாள் சாயங்காலம் முகத்தில் வந்து உட்கார்ந்த சிரிப்பு இன்னும் எழுந்து போகவில்லை. வெளியூர் பாய்மரப் படகு ஒன்றின் அடியில் சுழலும் விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டு, துறைமுக வாசலில் குறுக்கே நின்றுவிட்டது. பெரியவன் முங்கிப் போய், கத்தியும் கையுமாகப் பொழுது சாயும்வரை அறுத்து எடுத்தான். படகுக்காரர் அவன் பாஷை தெரியாதவர். கையைப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தும் மனசு ஆறாமல், தன் மணிக்கட்டில் இருந்ததைக் கழற்றி அவன் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

“முந்நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்குமாம்,” என்றான் பெரியவன்.

“நீங்க எதுவரைக்கும் தாங்குவீங்க?”

“நம்ம வேலையெல்லாம் இருபது மீட்டரோட சரி.”

“அப்ப மீதிக்கு யாரு போவா?”

“அது தனியாப் போய்ட்டு வரும். உனக்கென்ன?”

சின்னவள் மேசையின் மறுபக்கத்தில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவனின் தங்கை. பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்தாலும் துறைமுகம் முழுக்க அவள் சின்னவள்தான். அண்ணி கடிகாரத்தை அவளிடம் நீட்டினாள். கையில் வாங்கியதுமே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது, இது ஒழுங்காகச் செய்த சாமான். எஃகில் ஒரு பிசிறு இல்லை. கண்ணாடி கட்டைவிரல் நகம்போலத் தடித்திருந்தது. முகத்தைச் சுற்றி ஒரு வளையம். அதைத் திருப்பினால் கட், கட், கட் என்று ஒரு சத்தம். நல்ல பூட்டுக்குள் நல்ல சாவி விழுகிற சத்தம். அவள் நாலைந்து முறை திருப்பினாள்.

“நீ இறங்கும்போது, அந்த வளையத்துல இருக்கிற புள்ளிய நிமிஷமுள்ளுக்கு நேரா வெச்சிடணும்,” என்றான் பெரியவன். “அப்புறம் எப்பப் பாத்தாலும், புள்ளியிலிருந்து முள்ளு எவ்வளவு தள்ளிப் போயிருக்கோ, அவ்வளவு நேரம் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.”

“இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குதே அண்ணா.”

“திரும்பாது. அதான் விஷயமே. ஒரு பக்கம்தான். எங்கயாவது இடிச்சு வளையம் நகந்துட்டாலும், நேரம் கூடப் போயிட்ட மாதிரித்தான் காட்டும். குறைச்சுக் காட்டவே காட்டாது. ஆளு சீக்கிரம் மேல வந்துடுவான். பொழைச்சுக்குவான்.”

“பொய் சொன்னாலும் நம்ம நல்லதுக்குச் சொல்ற பொய்,” என்றாள் அண்ணி, முட்டையை உடைத்துக்கொண்டே. “உங்க பொய் மாதிரி இல்ல.”

சின்னவளும் சிரித்தாள். ஆனால் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன முள் குத்தியது. அந்த வீட்டில் நேரம் என்பது இதுவரை அவள் கையில் இருந்த பொருள்.

அவர்கள் தொழில் அப்படி. பெரியவன் முங்குவான். அண்ணி படகில் காற்று இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வாள். அதிலிருந்து நீண்ட குழாய் வழியாகப் பெரியவன் வாய்க்குக் காற்று போகும். சின்னவள் அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பாள். தலைக்கவசத்துக்குள் பேசுகிற கருவியெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. இவர்களுக்குக் கயிறுதான் வாய். ஒரு இழுப்பு என்றால், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் மேலே வா. மூன்றுக்கு மூன்றுதான் பதில். வேறு பதில் கிடையாது. அது அண்ணி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் போட்ட சட்டம். ஏன் எதுக்கு என்பதையெல்லாம் மேலே வந்து கேட்டுக்கொள்ளலாம்.

காற்றுக்குப் பஞ்சமில்லை, குழாயில் வந்துகொண்டே இருக்கும். பஞ்சம் நேரத்துக்குத்தான். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டால், உடம்பில் கரைந்த காற்று மேலே வரும்போது நுரைத்து மூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தோள் போகும், முழங்கால் போகும், விதி சரியில்லை என்றால் ஆளே போவான். ஆகவே சின்னவளிடம் ஒரு சாமான் பெட்டி இருந்தது. அதன் மூடியின் உட்புறத்தில், சமையலறையில் மாட்டுகிற மஞ்சள் பிளாஸ்டிக் சுவர்க்கடிகாரம் ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தாள். அதைப் பார்ப்பாள், கயிற்றைப் பார்ப்பாள், மேலே வருகிற குமிழிகளைப் பார்ப்பாள். வேறு எதையும் பார்க்க மாட்டாள். பேச்சுக்கொடுத்தால் காதில் விழாது.

அந்த மாதம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது பெரிய வேலை. கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பழுது பார்க்கிற தொட்டியின் கதவு. அதன் அடிவிளிம்பில் ஓடுகிற ரப்பர் பட்டை கிழிந்து தண்ணீர் கசிந்தது. துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய பட்டையை எடுத்துப் புதியதைப் பொருத்த வேண்டும். அடியில் சேறு. கலங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது. எல்லாம் தடவித் தடவித்தான். மேலே காற்று பிசுபிசுவென்று இருந்தது. மழை வருகிற மாதிரி இருட்டுவதும் பிறகு மனசு மாறிப் போவதுமாக வானம் விளையாட்டுக் காட்டியது.

தளத்து மேற்பார்வையாளரை எல்லோரும் குடைக்காரர் என்பார்கள். மழையோ வெயிலோ இல்லாவிட்டாலும் குடையோடுதான் வருவார்.

“என்னப்பா, கையில என்ன மின்னுது?” என்று கேட்டார் முதல் நாளே.

“முங்குற கடிகாரம் சார்.”

“எங்க முதலாளிகூட ஒண்ணு வெச்சிருக்கார். கை கழுவும்போது கழட்டி மேசையில வெச்சிட்டுப் போவார்.”

“பாவம் சார், அதுக்கு ஒரு நாள் லீவு குடுத்து இங்க அனுப்பச் சொல்லுங்க,” என்றாள் அண்ணி.

இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள், சின்னவள் இன்னும் இழுக்கவேயில்லை, கயிறு தானாக மூன்று முறை துடித்தது. பெரியவன் மேலே வந்து முகமூடியை நெற்றிக்குத் தள்ளினான்.

“ஏன்டி இழுக்கல? நேரம் முடிஞ்சு போச்சு!”

“யாரு சொன்னா? இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல இருக்கு.”

அவன் மணிக்கட்டை நீட்டினான். அவள் பெட்டி மூடியைத் திருப்பிக் காட்டினாள். அண்ணி இரண்டையும் பார்த்துவிட்டு, “கதவுல எங்கயோ இடிச்சிருக்கீங்க. வளையம் நகந்திருக்கு,” என்றாள்.

பெரியவன் வளையத்தைத் தடவிப் பார்த்தான். விளிம்பில் துருவின் செம்மை ஒட்டியிருந்தது. “ஆமா,” என்றான். பிறகு முகம் மலர்ந்தது. “பாத்தியா? சொன்ன மாதிரியே செய்யுது. சீக்கிரமாத்தான் அனுப்புச்சு!”

மறுபடியும் ஒரு நாள் அப்படியே ஆயிற்று. இந்த முறை அவன் முகம் மலரவில்லை. ஒரு போல்ட் பாதி அசைந்து வந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தான். திரும்பப் போனபோது அது சேற்றில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

கழற்றுகிற வேலைக்குக் கடைசி நாள். ஒரு போல்ட்தான் பாக்கி. கப்பல் வெளியே காத்திருந்தது. குடைக்காரர் கரையில் நடந்துகொண்டிருந்தார்.

நேரம் ஆனதும் சின்னவள் மூன்று இழுத்தாள்.

பதில் வந்தது. ஒன்று.

அவளுக்குத் தன் கையின்மேலேயே சந்தேகம் வந்தது. எப்போதும் வருகிற சந்தேகம்தான். சரியாக இழுத்தேனா, எண்ணினேனா, கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்துபோயிருக்குமோ? குனிந்து பார்த்தாள். நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மூன்று, நிறுத்தி நிறுத்தி இழுத்தாள்.

ஒன்று.

“அண்ணி.”

“என்ன?”

“மூணுக்கு ஒண்ணு குடுக்கிறான்.”

அண்ணியின் கை இயந்திரத்தின் மேலேயே இருந்தது. முகம் மட்டும் திரும்பியது. “திரும்ப இழு.”

“ரெண்டு தடவ இழுத்துட்டேன். நல்லா இருக்கேங்கிறான்.”

“நல்லா இருக்கியான்னு அவர யாரு கேட்டா?” என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. ஆனால் உதடு வெளுத்துவிட்டது.

கரையிலிருந்து குடைக்காரர், “என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?” என்றார்.

மீனைத் தூக்குகிற மாதிரி ஆளைத் தூக்க முடியாது. படாரென்று மேலே இழுத்தால் நேரம் தவறியதைவிட அதுதான் ஆபத்து. சின்னவள் ஒரு காலைப் படகின் விளிம்பில் ஊன்றினாள். கயிற்றில் தொய்வு எவ்வளவு இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். முழங்கை அளவு எடுத்தாள். படகின் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே அவன் மூச்சு வாங்கக் கொஞ்சம் நகர்ந்தபோது இன்னும் ஒரு முழங்கை. அதுவும் கட்டையில் ஏறியது. இரண்டு இழுப்பு வந்தது: தளர்த்து. தளர்த்தவில்லை. கோபமாக இரண்டு வந்தது. அவள் இன்னும் ஒரு பிடி எடுத்தாள். போல்ட்டை எட்ட முடியாத தூரத்துக்கு அவன் வந்துவிட்டான் என்று கயிற்றின் கனத்தில் தெரிந்தது. நாய்க்குட்டியைச் சங்கிலியில் கட்டிப்போடுகிற மாதிரி அண்ணனைக் கட்டிப்போட்டிருந்தாள்.

பிறகுதான் மூன்று வந்தது.

பாதி வழியில் அவனை நிறுத்தினாள். நேரம் தாண்டியவன் நடுவில் தங்கித்தான் வர வேண்டும். தலை நீருக்கு மேல் வந்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல்லை இங்கே எழுத முடியாது.

“கை வெச்சிருந்தேன்டி! இன்னும் ரெண்டு தடவ அழுத்தியிருந்தா அசைஞ்சிருக்கும்! நேரமிருந்துச்சு!”

“எந்தக் கடிகாரத்துல?”

“இதுல! முள்ளு இன்னும் எட்டல.”

அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உண்மைதான். அந்தக் கடிகாரத்தின்படி நேரம் பாக்கி இருந்தது.

“குறைச்சுக் காட்டவே காட்டாதுன்னீங்களே?”

பெரியவன் கையை இழுத்துக்கொண்டான். “இடிச்சது,” என்றான். “இடிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு தடவ ஏமாத்துச்சே, இந்தத் தடவயும் நகந்திருக்கும்னு நானே வளையத்த முழுசா ஒரு சுத்து சுத்தி, புள்ளிய முள்ளுக்குக் கிட்ட கொண்டுவந்து வெச்சேன்.”

“எவ்வளவு?”

“குத்துமதிப்பா.”

“ஆக, அது பொய் சொல்லல. நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்க,” என்றாள் அண்ணி.

கரையேறும்போது அவனுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கும்போது தோள் மறுத்தது. இடது கையால் குடித்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான். அண்ணி அடுப்பை அணைத்தாள், செருப்பை மாட்டினாள், “கிளம்புங்க,” என்றாள். அவன் கிளம்பினான்.

மருத்துவமனையில் இரும்புத் தொட்டி மாதிரி ஒரு அறைக்குள் அவனைப் படுக்கவைத்துக் கதவை மூடிக் காற்றை ஏற்றினார்கள். மறுநாள் தோள் திரும்பிவிட்டது. இளம் டாக்டரம்மா, “ஒரு மாசம் தண்ணிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது,” என்றார். “அப்புறம் நான் பாத்துட்டுச் சொல்லுவேன். நடுவுல தங்கவெச்சு மேல கொண்டுவந்தது யாரு?”

“இவதான்,” என்றான் பெரியவன், தலையைத் தூக்காமல்.

“நல்லாப் புடிச்சிருக்கீங்க,” என்றார் டாக்டரம்மா சின்னவளிடம்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் சின்னவள் பேச்சை எடுத்தாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கிறேன். இனிமே நான் மூணு இழுத்தா நீ வருவியா மாட்டியா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு. மாட்டேன்னா இன்னையோட கயித்த நான் தொட மாட்டேன். ஏதாவது துணிக்கடையில நின்னுக்கிறேன்.”

“வருவேன்னு சொன்னா நம்புவியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குக் கேக்கிற?”

“அந்தக் கடிகாரத்த அலமாரியில வெச்சுப் பூட்டுங்க,” என்றாள் அண்ணி. “விசேஷத்துக்குக் கட்டிக்கலாம். இல்ல, வித்தா நல்ல இயந்திரம் ஒண்ணு வரும். இருக்கிறது இருமுது.”

“அது வேணும்,” என்றான் பெரியவன்.

“எதுக்கு? நேரம் பாக்கவா?”

“உங்களுக்குப் புரியாது.”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பாக்கியிருந்த போல்ட்டுக்குச் சின்னவளே இறங்குவது என்று ஆயிற்று. முங்குவதற்கான பரீட்சையில் அவள் தேறி இரண்டு வருடமாகிறது. படகுகளின் அடிவயிற்றில் பாசி சுரண்டுவதெல்லாம் அவள்தான். ஆழத்து வேலை மட்டும் அண்ணனுடையதாக இருந்தது. குடைக்காரர் ஒருமுறை, “அந்தப் பொண்ணா?” என்றார். அண்ணி, “அந்தப் பொண்ணுதான் சார், கயித்துல ஒரு ஆம்பளையக் கட்டிவெச்சது,” என்றாள். அவர் குடையை விரித்துக்கொண்டு ஒதுங்கினார்.

கயிறு பெரியவன் கையில். இறங்கும் முன் அவன் கடிகாரத்தைக் கழற்றி நீட்டினான்.

“கட்டிக்கோ.”

“எனக்கு வேண்டாம்.”

“நேரத்துக்கு இல்ல. கட்டிக்கோ.”

சண்டை போட நேரமில்லை. கட்டிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் புள்ளியை முள்ளுக்கு நேராக வைத்தும் விட்டாள்.

கீழே போகப் போகப் பச்சை பழுப்பானது, பழுப்பு கறுப்பானது. கதவின் அடியைத் தொட்டதும் சேறு எழுந்து வந்து முகத்தை மூடிக்கொண்டது. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. படகடியில் பாசி சுரண்டும்போது மேலே வெளிச்சம் இருக்கும். இங்கே மேலும் இல்லை கீழும் இல்லை. தன் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் நின்று இழுப்பதுபோலக் கேட்டது. ஒரு கணம் அவளுக்குத் தான் எங்கே முடிகிறோம், தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே பிடிபடவில்லை. இத்தனை வருடமாகக் கயிற்றின் மறுமுனையில் இருந்தது இதுவா?

கையைத் தூக்கினாள். முகமூடிக்கு முன்னால் பச்சையாக ஒளிர்ந்தது அது. பன்னிரண்டு பொட்டு, இரண்டு முள், நொடிமுள் நுனியில் நகருகிற ஒரு பொட்டு. அதன் வெளிச்சத்தில் வேறெதுவும் தெரியவில்லை. ஆனால் அது இருக்கிற இடத்தில் தன் மணிக்கட்டு இருக்கிறது என்று தெரிந்தது. மணிக்கட்டு இருந்தால் கை இருக்கிறது, கை இருந்தால் தோள் இருக்கிறது, ஆளும் இருக்கத்தான் வேண்டும். மூச்சு தானாக இறங்கி நிதானப்பட்டது.

போல்ட்டைக் கண்டுபிடித்தாள். திருக்கியை மாட்டினாள். காலைக் கதவில் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்தாள். அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி கொடுத்தாள். துரு முனகியது. கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் இருந்தது. நிறைய இருந்தது. அது ஒரு சுகமான நினைப்பு. திருகு பிடிவிட்டு இளகி வந்தபோது, அவளுக்கு அங்கே கத்த வேண்டும்போல இருந்தது. கடைசிச் சுற்றைக் கையாலேயே சுற்றி எடுத்துப் பையில் போட்டாள்.

அப்போதுதான் இடுப்பில் ஏதோ அரிப்பதை உணர்ந்தாள். கயிறு. ஒன்று, நிறுத்தி, மறுபடி ஒன்று. நல்லா இருக்கியா? நல்லா இருக்கியா? எத்தனையாவது தடவையாகவோ. பதறிப்போய்ப் பதில் இழுத்தாள்.

மேலே வந்தபோது பெரியவன் வியர்வையில் குளித்திருந்தான். அண்ணி பக்கத்தில் நின்று அவன் குதித்துவிடாமல் இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்திருந்தாள்.

“எத்தனை தடவ இழுத்தேன் தெரியுமா?”

“தெரியாது. கவனிக்கல,” என்றாள் சின்னவள். முகமூடியைக் கழற்றினாள். “உனக்கும் இப்படித்தான் ஆச்சா?”

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். “ஆமா,” என்றான்.

படகின் விளிம்பில் உட்கார்ந்து, அண்ணி ஊற்றிக் கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் சின்னவள். கரையில் குடைக்காரர் போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யோசித்து யோசித்துத்தான் பேசினாள். சரியாகச் சொல்கிறோமா என்று ஒவ்வொரு சொல்லையும் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணி, இத அலமாரியில வைக்க வேண்டாம். அவன் கட்டிக்கட்டும். ஆனா, கீழ நேரமும் கையில இருக்குன்னு ஆனவுடனே இடுப்புல கயிறு இருக்கிறது மறந்து போகுது. எனக்கே மறந்து போச்சு. அதனால அந்த வளையம் மட்டும் வேண்டாம்.”

“வளையம் இல்லாம?”

“எடுத்துடலாம். எங்க தொடங்கினோம்னு தெரியலன்னா, எவ்வளவு மிச்சம்னு கணக்குப் போட முடியாதில்ல. முள்ளு ஓடட்டும். வெளிச்சம் இருக்கட்டும்.”

பெரியவன் கடிகாரத்தை வாங்கிக்கொண்டான். விரல் வளையத்தின் மேல் போய் நின்றது. ஒருமுறை திருப்பினான். கட், கட், கட். அந்தச் சத்தம் அவனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

“நாளைக்குப் போவோம்,” என்றான்.

கடிகாரக்காரரின் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு ஆள் உட்கார, இன்னொரு ஆள் குனிந்து நிற்க இடம். அவர் கடிகாரத்தைத் துணிமேல் வைத்து, கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

“இது எப்படி உங்ககிட்ட?”

“அன்பளிப்பு,” என்றான் பெரியவன்.

“தண்ணியில போட்டிருக்கீங்களா?” குரலில் ஒரு அதிர்ச்சி. “சேறு இருக்கு. துரு இருக்கு. ஐயய்யோ, இங்க கீறியிருக்கே!”

“முங்குறதுக்குத்தானே செஞ்சிருக்காங்க?”

“செஞ்சது அதுக்குத்தான் தம்பி. ஆனா இத வெச்சிருக்கிறவங்க யாரு முங்குறாங்க? என்கிட்ட வர்றவர் ஒருத்தர், மழை தூறினா இதக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, அவர் நனைவார்.” துடைக்கத் தொடங்கினார். “சரி, என்ன செய்யணும்?”

“இந்த வளையத்த எடுத்துடணும்,” என்றாள் சின்னவள்.

“கழுவி மாட்டணுமா?”

“மாட்ட வேண்டாம்.”

அவர் கண்ணிலிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார், நியாயம் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்பதுபோல. “அம்மா, இதோட உயிரே அதுல தானே இருக்கு? அத எடுத்துட்டா நாளைக்கு வாங்க ஆள் கிடைக்காது.”

“விக்கலையே,” என்றாள் அண்ணி.

“தண்ணி உள்ள போகுமா?” என்று கேட்டாள் சின்னவள்.

“போகாது. வளையம் வெளியில உக்காந்திருக்கிறது. இருந்தாலும்...” அவர் பெருமூச்சு விட்டார். மெல்லிய தகடு ஒன்றை வளையத்துக்கு அடியில் செருகினார். கையை எடுத்தார். “நான் செஞ்சேன்னு வெளிய சொல்லிடாதீங்க,” என்றார். ஒரு அழுத்து. வளையம் துள்ளி வந்து துணிமேல் விழுந்தது. அதற்கடியில் மயிரிழை மாதிரி ஒரு கம்பிச்சுருள். அத்தனை சத்தமும் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. வளையம் போன கடிகாரம் தலைப்பாகை கழற்றிய ஆள் மாதிரி கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் அப்பாவியாகத் தெரிந்தது.

“இனிமே இது தண்ணிக்குள்ள நேரம் சொல்லாது,” என்றார் கடிகாரக்காரர். கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற குரல்.

“அதுக்கு நான் இருக்கேன்,” என்றாள் சின்னவள்.

அவருக்கு விளங்கவில்லை. பெரியவன் மணிக்கட்டை நீட்டினான். அவர் வாரை மாட்டிவிட்டார். வெறும் எஃகு விளிம்பின்மேல் அவர் கட்டைவிரல் தயங்கி நின்றது.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நேரம் பாக்கவும் இல்ல, ஜம்பத்துக்கும் இல்லன்னா, அவ்வளவு ஆழத்துக்கு இத எதுக்குக் கொண்டு போறீங்க?”

பெரியவன் மனைவியைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“துணைக்கு.”

சின்னவள் அவன் முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டின் கீழிருந்து வெளியே இழுத்தாள்.

“தலை பத்திரம் அண்ணா, குனி,” என்றாள்.

அவன் குனிந்தான்.